கிழக்கு நடையின் நிலைப்படி

யமாபுகி விடுதி, யமகதா
ஜனவரி 27

அன்புள்ள தம்பி ஷின்பெய்க்கு,

அக்கா மசாயோ எழுதுவது. இங்கே பனி கூரையை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் நாங்கள் சௌக்கியம். உன் முதுகு எப்படி இருக்கிறது? போன வருஷம் தந்த மூலிகைப் பட்டையை ஒட்டிக்கொள்கிறாயா, அல்லது இன்னும் உறைக்குள்ளேயே தூங்குகிறதா?

ஃபோன் இருக்க கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டுச் சுவர் பாதி காகிதம். எங்கே நின்று பேசினாலும் வரவேற்பு முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் உன் அத்தானுக்குக் கேட்கும். அவர் காது நாளுக்கு நாள் கூர்மையாகிறது. காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறதாம். குழாய் வருஷத்துக்கு வருஷம் ஒடுங்குகிறது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று எனக்கு உத்தரவு. அதிலும் உன்னிடம் கூடவே கூடாதாம். "உன் தம்பி காதுல போட்டா கவாசாகி ஸ்டேஷன்ல அறிவிப்பே பண்ணிடுவான்" என்கிறார். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் விருந்தாளிகள் ஒருவருக்கும் இதுவரை சந்தேகம் வரவில்லை. இந்த வீட்டில் கதவுக்குக் கதவு கீழே குறுக்காகக் கிடக்கும் நிலைப்படிக் கட்டை ஒவ்வொன்றும் அவர் பாதத்துக்குத் தெரியும். எது தேய்ந்தது, எது வழுக்கும், எதைத் தாண்டினால் என்ன வரும், எல்லாம். இங்கே இருக்கும்வரை அவருக்குப் பார்வை மங்கல், அவ்வளவுதான். வேறு எந்த வீட்டில் கொண்டுபோய் விட்டாலும் அவர் குருடர்.

இப்போது விஷயம். நம் ஃபுசாயே முழங்கால் முடியாமல் வேலையை விடுகிறாள். சாப்பாட்டுத் தட்டுகளை அறை அறையாகத் தூக்க வேறு ஆள் இந்த மலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். பேருந்து அனுப்பும் சுற்றுலா நிறுவனம் தட்டு சுமக்கும் இயந்திரங்களை வைக்கச் சொல்கிறது. கட்டடம் அதற்குத் தகுதியானது என்று சான்று வாங்கினால் இலையுதிர் காலத்துக்குப் பேருந்து உண்டு, இல்லையென்றால் இல்லை. பேருந்து இல்லையென்றால் விடுதியை விற்க வேண்டியதுதான். விற்றால் இவரை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

உன் பிழைப்பே இதுதானே. ஒருமுறை வந்து பார்.

குளிரில் வெறுங்காலோடு திரியாதே.

அக்கா மசாயோ


கவாசாகி
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு சௌக்கியம், முதுகின் சொந்தக்காரன்தான் சுமார். பட்டையை ஒட்டினேன். அலுவலகமே மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்கு வழி விட்டது. நெரிசலான ரயிலுக்கு நல்ல மருந்து.

அத்தான் விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். வாயைத் தைத்துக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

என் வேலையைப் பற்றி உனக்குப் பெரிய எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. ஐம்பத்து நான்கு வயதில் தவழ்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆஸ்பத்திரி, ஹோட்டல், முதியோர் இல்லம் என்று எங்கே போனாலும், இயந்திரம் ஓடுவதற்கு ஏற்ற தரைதானா என்று பார்க்க அளவுகோலும் கையுமாக ஊர்வேன். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நர்சுகள் ஓடி வந்து என்னைத் தூக்கிப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். சூப் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன்.

இந்த இயந்திரங்கள் புது மருமகள் மாதிரி, எதைக் கண்டாலும் மிரளும். கண்ணாடிக் கதவு அதன் கண்ணுக்குத் தெரியாது, நேராகப் போய் முட்டும். வாசலில் தொங்கும் துணித்திரையைச் சுவர் என்று நம்பித் திரும்பிவிடும். கன்னங்கரேலென்று பளபளக்கும் தரையைப் பள்ளம் என்று நினைக்கும். ஒரு ஹோட்டலில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் தன்னையே பார்த்து, எதிரே வருகிறவருக்கு வழி விடுவதாக நின்றது. அவரும் நின்றார். இருவரும் மின்சாரம் தீரும்வரை நின்றார்கள். என் மணவாழ்க்கை நினைவுக்கு வந்தது.

நிலைப்படிதான் பெரிய வில்லன். சுண்டுவிரல் தடிமன் இருந்தாலும் சூப் சிந்தும். அதை எப்படிச் சமாளிப்பது என்று வந்து பார்த்துச் சொல்கிறேன். மார்ச்சில் வருகிறேன். மலைக்கீரை ஊறுகாய் எடுத்து வை.

அத்தானுக்கு என் வணக்கம். வழக்கமான வணக்கம்தான், பரிதாப வணக்கம் இல்லை.

தம்பி ஷின்பெய்


யமாபுகி விடுதி
ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகி வழிகிறது. எனக்கு மட்டும் லேசாகத் தும்மல்.

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து எலித் தொல்லை இல்லை. தரையோடு தரையாகக் குடியிருந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டாய் போலிருக்கிறது. மூன்றாம் அறைக் கிழவி நீ தவழ்வதைப் பார்த்து, "ஐயா என்ன வேண்டுதலோ?" என்று கேட்டாளே, அவள் இன்னும் என்னிடம் விசாரிக்கிறாள். நிறைவேறிவிட்டதாம் என்று சொல்லி வைத்தேன்.

உன் அத்தான் அந்த இரண்டு நாளும் உன் பின்னாலேயே நடந்து, "அங்க பாரு மாப்ளே, அந்த மூலையில சாயம் போயிருக்கு" என்று கை நீட்டியதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை. அந்த மூலைக்குப் புதுச் சாயம் அடித்தே மூன்று வருஷமாகிறது, இப்போது அங்கே ஒரு குறையும் இல்லை. நீ "ஆமா அத்தான், நல்லாத் தெரியுது" என்றாய். அதற்கு நன்றி.

நீ சொன்னபடி துணித்திரைகளை இடுப்புக்கு மேலே கத்தரித்துவிட்டேன். கண்ணாடிக்குப் பட்டை ஒட்டியாகிறது. செருப்புகளை அறைக்கு வெளியே விடாதீர்கள் என்று விருந்தாளிகளிடம் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிடுகிறது. அறை வாசலில் செருப்பைத் திருப்பி வைக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

நிலைப்படிகளை எடுக்கத்தான் வேண்டும் என்றாய். சரி. அவரிடம் சொன்னேன். "காலம் மாறுது, காலும் மாறட்டும்" என்று சிரித்தார். பிறகு வெகுநேரம் முன்மேசைப் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறைகளை ஒட்டி ஓடும் கிழக்கு நடையில், குளியல் தொட்டிக்கு இறங்கும் படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிலைப்படி இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடு. அது காலில் பட்டால்தான் இடது பக்கம் படிக்கட்டு வாய் பிளந்திருப்பது அவருக்குத் தெரியும். அதைத் தாண்டி இருக்கும் ஆற்றோர அறைகளுக்குத் தட்டை நானே தூக்கிக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஊறுகாய் ஜாடியைத் திருப்பி அனுப்பு.

அக்கா


கவாசாகி
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தும்மலுக்கு இஞ்சி குடி. ஜாடி இன்னும் காலியாகவில்லை. (பொய். காலி. கழுவவில்லை.)

கிழக்கு நடை நிலைப்படி இருக்கும். வாக்கு. வரைபடத்தில் அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, 'தொடாதே' என்று எழுதிவிட்டேன். எங்கள் பிரிவுத் தலைவர் ஒனோதெரா பார்த்து, "இது என்னய்யா, கோயிலா?" என்றார். "அதை விடப் பெரிசு சார், எங்கக்கா சொன்னது" என்றேன்.

ஒனோதெராவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? இயந்திரத்தை 'வாங்க, போங்க' என்பார். எங்களை 'டேய்' என்பார். காலையில் வந்ததும் சோதனைக்கூடத்து இயந்திரங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கல்யாணம் ஆகவில்லை. ஆக வழியும் தெரியவில்லை. தலைக்கு மை அடிக்கிற அன்று காதுக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்.

தச்சர்கள் மே மாதம் வருவார்கள். தூசி பறக்கும், துணியால் மூக்கை மூடிக்கொள். அத்தானை அப்போது வெளியே எங்காவது உட்கார வை.

தம்பி


யமாபுகி விடுதி
ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

மழை தொடங்கிவிட்டது. துணி காயவில்லை, மனமும்தான். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

தச்சர்கள் வேலையை முடித்துப் போனார்கள். நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. வீடு முழுக்கக் கண்ணாடி மாதிரி சமதளம். நான் நடந்தாலே வேறு யார் வீட்டிலோ நடக்கிற மாதிரி இருக்கிறது.

அவர் தினமும் விடிந்ததும், விருந்தாளிகள் எழுந்திருக்கும் முன் நடந்து பழகுகிறார். கட்டை இருந்த இடம் வந்ததும் கால் தானாக உயர்கிறது; அங்கே எதுவும் இல்லாமல் தொப்பென்று விழுகிறது. ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டார். அறையிலிருந்து வந்த ஒருவர், "என்ன முதலாளி, நடனமா?" என்று கேட்டார். "ஆமாங்க, திருவிழாவுக்கு ஒத்திகை. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்" என்றார் இவர். அந்த ஆள் கைதட்டினார். திருவிழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

வலது சுவரைத் தடவிக்கொண்டு போனால் முன்மேசையிலிருந்து கிழக்கு நடைவரை வந்துவிட முடிகிறது. அங்கே அந்த நிலைப்படி காலில் பட்டதும் அவர் முகம் மலர்வதை நீ பார்க்க வேண்டும். வெளியூரில் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி. "இவன் இருக்கான்" என்கிறார்.

உன் கடிதங்களை முதலில் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். இப்போது மேசை மேலேயே கிடக்கின்றன.

அக்கா


கவாசாகி
ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே புழுக்கம். நான் நலம். நீயும் அத்தானும் நலமா?

இயந்திரங்கள் தயார்! இரண்டு பேர். உயரம் உன் இடுப்பளவு, அடுக்கடுக்காகத் தட்டு வைக்க இடம், முன்னால் இரண்டு விளக்குக் கண். அதற்குப் பேச்சு எழுதும் வேலையை ஒனோதெரா என் தலையில் கட்டினார். எங்கள் நிறுவனம் கொடுத்தது 'வழி விடவும்' என்ற வாசகம். நான் குதித்தேன். விடுதி நடத்தும் வீட்டில் பிறந்தவன் நான்; விருந்தாளியை ஒதுங்கு என்று சொல்கிற இயந்திரத்தை அப்பா பார்த்தால் சமாதியிலிருந்து எழுந்து வந்து அடிப்பார். ஆகவே எதிரே ஆள் வந்தால் நின்று, "தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிக்கணும். முதல்ல நீங்க போங்க" என்று சொல்லும்படி எழுதினேன். நல்ல குடும்பத்துப் பெண் குரல். அலுவலகப் பெண் ஒருத்தியைப் பேச வைத்துப் பதிவு செய்தோம். அவள் ஐந்தாறு தடவை சிரித்துவிட்டாள், பிறகு பழகிக்கொண்டாள். இப்போது வீட்டிலும் அப்படியே பேசுகிறாளாம், மாமியார் கண் கலங்கிவிட்டாராம்.

சோதனைக்கூடத்தில் அதை ஒனோதெரா முன் விட்டோம். அது "முதல்ல நீங்க போங்க" என்றது. இவர் குனிந்து, "இல்லைங்க, நீங்க போங்க" என்றார். அது மறுபடி சொன்னது. இவர் மறுபடி குனிந்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துத்தான் அவரைக் காப்பாற்றினோம். வயிறு வலிக்கச் சிரித்தேன் அக்கா. இந்த வருஷம் அப்படிச் சிரித்ததே இல்லை.

இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பூனை என் செருப்பில் குட்டி போட்டுவிட்டது. இடது கால் செருப்பில். வலது காலோடு மட்டும் அலுவலகம் போவது எப்படி என்று யோசிக்கிறேன். ஒனோதெரா புது மை வாங்கியிருக்கிறார், கொஞ்சம் ஊதாவாகத் தெரிகிறது.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


யமாபுகி விடுதி
ஜூலை 19

ஷின்பெய்க்கு,

நலம்.

நேற்றுத் தச்சர்கள் இரண்டு பேர் மறுபடி வந்தார்கள். கிழக்கு நடை நிலைப்படியைப் பெயர்த்து, பள்ளத்தை நிரவி, மெருகேற்றிவிட்டுப் போனார்கள். தொடாதே என்று கத்தினேன். வரைபடத்தைக் காட்டினார்கள். சிவப்பு வட்டத்தின் மேல் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் ஒப்புதலுக்கு உன் முத்திரை.

அவர் அப்போது முன்மேசையில் இருந்தார். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் ஜூலை மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பூனை குட்டி போட்டது வரைக்கும் எழுதியிருக்கிறாய்.

மசாயோ


கவாசாகி
ஆகஸ்ட் 5

(கோடைகால நலம் விசாரிப்பு அட்டை. முன்பக்கம் தர்ப்பூசணிப் படம் அச்சிட்டது.)

கடும் வெயிலில் தாங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இயந்திரங்கள் 20-ஆம் தேதி வந்து சேரும். அத்தானுக்கு வணக்கம்.

ஷின்பெய்


யமாபுகி விடுதி
செப்டம்பர் 25

தம்பிக்கு,

அட்டைக்கு நன்றி. தர்ப்பூசணி நன்றாக இருந்தது. கொஞ்சம் குளிர் இறங்கியிருக்கிறது. நெல் அறுப்பு முடிந்தது.

சான்று வந்துவிட்டது. வாசலில் மாட்டச் சொன்னார்கள், மாட்டியிருக்கிறேன். அக்டோபர் நடுவிலிருந்து பேருந்துகள் வருகின்றன. இது உன்னால்தான், அதை நான் மறுக்கவில்லை.

இயந்திரங்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. நீ எழுதிக்கொடுத்த பேச்சால் மட்டும் தினம் ஒரு கூத்து. வயதானவர்கள் எதிரே வந்தால் அது "முதல்ல நீங்க போங்க" என்கிறது. அவர்கள் விடுவார்களா? குனிந்து, "ஐயையோ, சுமையோட நிக்கிறீங்க, நீங்க போங்க" என்கிறார்கள். சூப் ஆறிப்போகிறது. நான் ஓடிப்போய் இரண்டு தரப்பையும் சமாதானம் செய்து பிரித்து விடுகிறேன். ஃபுசாயே இருந்தபோதும் இவ்வளவு ஓடியதில்லை.

நீ சிரிப்பாய் என்றுதான் இதைச் சொன்னேன். இனிமேல் வருவதற்குச் சிரிக்காதே.

போன வாரம் உன் அத்தான் என்னிடம், "ரொம்ப நாளா தங்கியிருக்காங்களே ஒரு அம்மா, எந்த அறை?" என்று கேட்டார். எந்த அம்மா என்றேன். "அடிக்கடி நடையில எதிர்ப்படுறாங்க. ரொம்ப மரியாதை. ஆனா மெதுவா நடக்குறாங்க, காலடிச் சத்தமே கேக்கல. உடம்பு முடியாதவங்களோ என்னவோ. சாப்பாடு சரியாப் போகுதான்னு பாரு" என்றார்.

இயந்திரம் வந்திருப்பது அவருக்குத் தெரியும். தொட்டுப் பார்த்திருக்கிறார். ஆனால் அது பேசும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. "பத்தாம் அறைங்க, நல்லா இருக்காங்க" என்றேன். சொன்னால் அவருக்கு எவ்வளவு கண் தெரியவில்லை என்பதை நானே அவரிடம் சொன்னதாகும். மூஞ்சிக்கு நேராக வரும்வரை அது மனிதரா பெட்டியா என்று தெரியவில்லை என்றால் மூங்கில் குழாய் மூடிவிட்டது என்றுதானே அர்த்தம்?

கிழக்கு நடையில் கட்டை இருந்த இடத்தில் ஒரு துணி முடிச்சைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினேன், கைக்குத் தட்டுப்படட்டும் என்று. பராமரிப்புக்கு வந்தவர் அது இயந்திரத்தின் பார்வையை மறைக்கிறது என்று எடுத்துவிட்டார்.

படிக்கட்டு வாயில் இயந்திரம் விழுந்துவிடாதா என்று அந்தப் பராமரிப்புக்காரரைக் கேட்டேன். "விழவே விழாதும்மா, அதுக்கு அடியில கண்ணு இருக்கு" என்றார்.

மசாயோ


கவாசாகி
அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை.

எழுதாததற்கு வேலையைச் சாக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். உட்கார்ந்தால் வரவில்லை.

ஒனோதெரா சிவப்பு வட்டத்தைக் காட்டி, "டேய், பாதி வீட்டுக்குச் சான்று கிடையாது" என்றார். ஆற்றோர அறைகளுக்கும் இயந்திரம் போனால்தான் சான்று. சான்று இல்லையென்றால் பேருந்து இல்லை, பேருந்து இல்லையென்றால் நீயே எழுதியது நடக்கும். எல்லாவற்றையும் நினைத்துத்தான் முத்திரை குத்தினேன். உன்னிடம் சொல்லத்தான் அந்த ஜூலைக் கடிதத்தை ஆரம்பித்தேன். அடுத்த வரியில், அதற்கு அடுத்த வரியில் என்று தள்ளிக்கொண்டே போய்ப் பூனையில் வந்து நின்றுவிட்டேன். எனக்கு எழுத வராத ஒன்று வந்தால் கையில் வேடிக்கைதான் வருகிறது. உனக்குத் தெரியும்.

படிக்கட்டுக்கு ஒரு குட்டைக் கதவு போடலாம். தீயணைப்பு விதிக்கு ஒத்து வரும்படி, தள்ளினால் திறக்கிற மாதிரி நானே வரைந்துவிட்டேன். நவம்பர் மூன்று விடுமுறையன்று மரத்தோடு வருகிறேன். இயந்திரத்தின் வாசகத்தையும் அப்போது மாற்றிவிடுகிறேன். அதுவரை அத்தானைக் கிழக்கு நடைப் பக்கம் தனியாக விடாதே.

ஷின்பெய்


யமாபுகி விடுதி
நவம்பர் 1

ஷின்பெய்க்கு,

மரம் கொண்டு வர வேண்டாம். தந்தி போல முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஆபத்தில்லை.

உன் கடிதம் வந்தபோது பேருந்துக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். இலை சிவந்துவிட்டது, ஒரு அறை காலி இல்லை. அவரைத் தனியாக விடாதே என்கிறாய். என்னை எத்தனை பேராகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறாய்? ஆனாலும் அன்றே அவரை உட்கார வைத்துச் சொன்னேன், எதிரே பேசுவது இயந்திரமாகவும் இருக்கலாம் என்று. பத்தாம் அறை அம்மாவைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. "இருக்கலாம்தான். ஆனா விருந்தாளியா இருந்துட்டா?" என்றார். அதற்கு மேல் இந்தத் தொழிலில் பிறந்தவரிடம் என்ன பேசுவது.

போன வியாழன் சாயங்காலம், சாப்பாட்டு நேரம். அவர் வலது சுவரைத் தடவிக்கொண்டு ஆற்றோர அறைகளுக்கு வரவேற்புச் சொல்லப் போனார். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் முதலாளி அறை அறையாகப் போய்த் தரையில் கைவைத்து வணங்குவது இந்த வீட்டு வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இயந்திரம் அதே சுவரோரமாக எதிரே வந்தது. நின்றது. "தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிக்கணும். முதல்ல நீங்க போங்க" என்றது. நான் அடுக்களை வாசலில் தட்டோடு நின்றிருந்தேன்.

அவர் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டார். விருந்தாளி முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? "நீங்க வாங்கம்மா, உடம்பு தேவலையா?" என்று குனிந்தார். அது மறுபடி சொன்னது. இவர் ஓர் அடி பின்னால் வைத்துக் குனிந்தார். அது மறுபடி சொன்னது. முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நகர்ந்தபடியே வணங்குவதைச் சின்ன வயதிலிருந்து பழகியவர். மூன்றாவது முறை குனிந்தபோது பின்னால் வைத்த கால் இடது பக்கமாகப் போனது. அங்கே தரை இல்லை.

நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். இயந்திரம் வழி கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டு, மிச்சத் தட்டுகளோடு மற்ற அறைகளுக்குப் போய்விட்டது. சூப் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு. இந்த வயதில், கண்ணும் இல்லாமல், நடை பழகுவது கடினம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு இல்லம் பார்த்திருக்கிறேன். புத்தாண்டுக்குப் பிறகு விடுதியைச் சுற்றுலா நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. கட்டடம் சான்றோடு இருப்பதால் உடனே சம்மதித்தார்கள். இது எதுவும் அவருக்குத் தெரியாது.

நீ முத்திரை குத்தியது பற்றி. கேட்டிருந்தால் நானும் குத்து என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அன்றிலிருந்தே அவரை அந்த நடைக்குப் போக விட்டிருக்க மாட்டேன். ஜூலையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

மசாயோ


கவாசாகி
நவம்பர் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

அத்தானை வந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். கண் விஷயம் ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும் என்பது, முத்திரை, அந்தக் குரல், எல்லாம். அவர் திட்டட்டும். எப்போது வரலாம் என்று மட்டும் எழுது. எழுதாவிட்டாலும் வருவேன்.

ஷின்பெய்


யமகதா, மத்திய ஆஸ்பத்திரி
டிசம்பர் 3

அன்புள்ள மாப்பிள்ளை ஷின்பெய்க்கு,

அத்தான் தொகுஜியின் ஆசிகள். குளிர் வந்துவிட்டது, உன் முதுகு எப்படி இருக்கிறது? நீ வரப்போவதாக மசாயோ சொன்னாள். அவ்வளவு தூரம் வராதே. வருஷக் கடைசியில் உனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே சூப் மட்டும் உப்பில்லாமல் இருக்கிறது.

நடந்தது என் தவறு. ஒரு பெண் விருந்தாளிக்கு வழி விட்டேன், நேரம் பார்த்துக் கால் இடறிவிட்டது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று உன் மேலதிகாரியிடம் என் பெயரைச் சொல்லியே சொல். தரை அவ்வளவு அருமையாக இழைத்திருக்கிறது. என்னால் உனக்கு அலுவலகத்தில் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

யாராவது என் கண்ணைப் பற்றி ஏதாவது சொன்னால் நம்பாதே. கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கண் விழித்ததும் மசாயோவிடம் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே சௌக்கியமாக ஊருக்குப் புறப்பட்டுவிட்டார், உங்களை ரொம்ப விசாரித்தார் என்றாள். அப்போதுதான் மனசு ஆறியது. நம் வீட்டில் ஒரு விருந்தாளிக்கு அடிபட்டது என்ற பேச்சு இதுவரை இல்லை.

பனி கரைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவேன். இங்கே படுத்தபடியே தினமும் வீட்டைச் சுற்றி வருகிறேன். புதுத் தரை இப்போது பழகிவிட்டது, எந்த அறைக்கும் தடங்கல் இல்லாமல் போய் வந்துவிடுகிறேன். வசந்த விடுமுறைக்கு நீ வந்துவிடு. ஆற்றோர அறையை உனக்காக ஒதுக்கச் சொல்லி மசாயோவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். சரி என்றிருக்கிறாள்.

சொன்னது தொகுஜி.
எழுதியது மசாயோ.